கலத்தைக் குறைசொல்லு முன் ஊடகத்தைப் பாருங்கள்

(நூற்றாண்டு விழாவின் அறிவியல் அமர்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது, "சலரோகம் பற்றியோ புற்றுநோய் பற்றியோ பேசுங்கோ, எல்லாருக்கும் பிரயோசனமாக இருக்கும்" என்றார்கள். அவை பற்றிப் பேச எம்மைவிடத் தகுதியானவர்கள் நான்கைந்து பேர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே நாம் சில ஆண்டுகள் கைநனைத்த ஒரு வேலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். மனிதர் உட்பட முலையூட்டிகளின் கலங்களை உடலுக்கு வெளியே போத்தலில் வளர்ப்பதும், அதற்கு ஏற்ற வளர்ப்பூடகத்தைத் தெரிவு செய்வதுமே அந்த வேலை. கேட்பதற்கு வரண்ட விடயமாகத் தோன்றும். முடிவில் ஒரு தாயின் கதை வரும். அதைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தோம்.

தென்மராட்சியில் பிறந்தவர்களுக்கு வளர்ப்பூடகம் என்ற சொல் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவதுபோல எங்கள் மணற்பாங்கான தரையில் விளைவதில்லை. எங்கள் தரையில் தென்னையும் மாவும் பலாவும் செழித்து நிற்பதுபோல அங்கே நிற்பதில்லை. தரையைப் பார்த்துத்தான் நடவேண்டும் என்பது எங்கள் அப்பாமாருக்குத் தெரியும். கலங்களுக்கும் அதே விதிதான்.

தாவரக் கலங்கள் ஓரளவு பொறுமையானவை. 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஊமத்தையின் மிக இளம் முளையங்களைத் தனியே வளர்க்க முயன்றார்கள். பலதையும் சேர்த்துப் பார்த்து, தேங்காயின் உள்நீரைச் சேர்த்தபோதுதான் அவை வளரக் கண்டார்கள். வேலியோரத்து ஊமத்தையும் கோடியில் நிற்கும் தென்னையும் சேர்ந்து விஞ்ஞானத்துக்குச் செய்த உதவி அது.

முலையூட்டியின் கலம் அவ்வளவு எளிதில் திருப்திப்படாது. உடலுக்குள் அதற்கு என்னென்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குருதி ஓயாமல் வந்து குளுக்கோசும் அமினோவமிலங்களும் விற்றமின்களும் ஒட்சிசனும் கொடுக்கிறது, கழிவை எடுத்துச் செல்கிறது. உப்பின் அளவைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. அமிலத்தன்மை ஏறாமல் சுவாசப்பை பார்த்துக்கொள்கிறது. சூடு 37 பாகை செல்சியசில் நிற்கிறது. கிருமி வந்தால் எதிர்க்க ஆளிருக்கிறது. அதே கலத்தை எடுத்துப் போத்தலில் இட்டால், இத்தனை பேர் செய்த வேலையில் பெரும்பங்கை ஒரு திரவம் செய்ய வேண்டும். அந்தத் திரவமே வளர்ப்பூடகம்.

இந்தத் திரவத்தின் கதை தண்ணீரிலும் உப்பிலும் தொடங்குகிறது. 1882இல் லண்டனில் சிட்னி றிங்கர் என்ற வைத்தியர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்து, அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டு கட்டுரை எழுதினார். பிறகு பார்த்தபோது இதயம் அப்படித் துடிக்கவில்லை. என்ன வித்தியாசம் என்று தேடினார். முதல்முறை கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் லண்டன் குழாய்நீரில் கலந்திருக்கிறார்கள். குழாய்நீரில் கல்சியம் இருந்தது. இதயத்தைத் துடிக்க வைத்தது அந்தக் கல்சியம். 1883இல், தாம் முன்னர் எழுதிய முடிவு பிழை என்பதையும் காரணம் தண்ணீர் என்பதையும் அவரே அச்சில் எழுதித் திருத்தினார். வைத்தியசாலைகளில் நோயாளருக்கு ஏற்றும் சேலைன் வகைகளில் ஒன்று இன்றும் அவருடைய பெயரையே தாங்கியிருக்கிறது.

குடாநாட்டுப் பெண்களுக்கு இதில் பெரிய வியப்பு இராது. சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறிய கிணற்றுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையைச் சுரண்டியவர்கள் நாங்கள். அந்த வெள்ளை கல்சியம் காபனேற்று. தவளையின் இதயத்துக்குத் தெரியாமல் வந்த கல்சியம் உதவி செய்தது. ஆனால் தெரியாமல் வந்து சேரும் எதையும் கல வளர்ப்பில் நம்ப முடியாது. ஆகவே ஊடகம் கலக்க மிகத் தூய நீரை எடுத்து, வேண்டிய கல்சியத்தை நாமே நிறுத்துப் போடுகிறோம்.

1907இல் றொஸ் ஹரிசன் என்பவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தவளை முளையத்தின் நரம்பு இழையத்தை உறைந்த நிணநீர்த் துளி ஒன்றில் வைத்து, நரம்புநார் நீண்டு வளர்வதை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள்வரை ஊடகம் என்பது நாட்டு வைத்தியரின் கசாயம் போலத்தான் இருந்தது. கோழியின் குருதி, மாட்டு முளையத்தின் சாறு, பிரசவத்தில் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த குருதியின் தெளிவு என்று ஒவ்வொருவரும் ஒரு கைமருந்து வைத்திருந்தார்கள்.

1951இல் அதே ஜோன்ஸ் ஹொப்கின்சில் ஜோர்ஜ் கை என்பவர் அப்படியான கலவை ஒன்றில்தான், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் வந்த ஹென்றியெற்றா லக்ஸ் என்ற பெண்ணின் கலங்களை வளர்த்தார். மனிதக் கலம் உடலுக்கு வெளியே ஓயாமல் பெருகியது அதுவே முதல்முறை. ஹீலா கலங்கள் என்று உலகம் முழுவதும் போயின. அந்தப் பெண் அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்துபோனார். ஆய்வுக்கு எடுக்கிறோம் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. குடும்பத்துக்குச் செய்தி தெரிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கல வளர்ப்புப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து போக எமக்கு மனமில்லை.

கசாயத்தைக் கணக்காக மாற்றியவர் ஹரி ஈகிள். 1955இல் அவர் ஊடகத்திலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்கி, எது இல்லாவிட்டால் கலம் சாகிறது என்று பார்த்தார். எங்கள் உடலுக்கு உணவிலிருந்து கட்டாயம் கிடைக்கவேண்டிய அமினோவமிலங்கள் 9. போத்தலில் உள்ள கலத்துக்கோ 13 வேண்டியிருந்தது. உடலில் ஈரல் போன்ற உறுப்புகள் ஆக்கிக் கொடுப்பதைப் போத்தலில் ஆக்கிக் கொடுக்க ஆளில்லை அல்லவா! அந்த 13உடன் சில விற்றமின்கள், குளுக்கோசு, உப்புகள், கொஞ்சம் சீரம். 1959இல் அவர் செம்மைப்படுத்திய கலவைதான் எம்.ஈ.எம். என்ற ஊடகம், அதாவது ஒரு கலம் உயிர்வாழக் குறைந்தது எவை வேண்டுமோ அவை மட்டும் கொண்டது. அதன் அமினோவமிலங்களைப் பெரும்பாலும் இரு மடங்காகவும் விற்றமின்களை நான்கு மடங்காகவும் ஆக்கியது றெனாற்றோ டல்பெக்கோவின் ஊடகம். 1965இல் றிச்சட் ஹாம் சீரம் இல்லாமலே சில கலங்களை வளர்க்க எஃப் 12 என்ற கலவையை அமைத்தார். அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள றொஸ்வெல் பார்க் நிறுவனத்தில் ஜோர்ஜ் மூர் குழுவினர் குருதியின் வெண்குழியங்களுக்கென ஆர்.பி.எம்.ஐ. 1640ஐ உருவாக்கினார்கள்.

பிள்ளைகள் கேட்பார்கள், "இவற்றில் எது நல்லது, மிஸ்?" என்று. அப்படி ஒன்று இல்லை. எந்தக் கலம், எதற்காக என்று கேட்டுத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

தோலின் கலங்களும் சிறுநீரகக் கலங்களும் போத்தலின் அடியில் ஒட்டி வளர்பவை. ஒட்டுவதற்குக் கல்சியம் வேண்டும், டல்பெக்கோ ஊடகத்தில் அது போதிய அளவு உண்டு. குருதியின் வெண்குழியங்கள் மிதந்து வாழ்பவை. ஆர்.பி.எம்.ஐ. 1640இல் கல்சியம் அதில் கால்பங்கு அளவே இருக்கிறது, பொசுபேற்றுக் கூட. மிதப்பவற்றுக்கு அது பொருந்தும். குளுக்கோசையும் பாருங்கள். டல்பெக்கோ ஊடகத்தின் ஒரு வகையில் லீற்றருக்கு 4.5 கிராம், இன்னொரு வகையில் 1 கிராம். நாங்கள் வீட்டில் சீனி பார்க்கும் கணக்கில் முதலாவது 450, இரண்டாவது 100. வேகமாகப் பெருகும் கலத்துக்கு 450 உதவலாம். சலரோகத்தைப் பற்றி ஆராய வந்தவர் பெயர்ச்சீட்டைப் பார்க்காமல் அந்தப் போத்தலை எடுத்தால், தொடக்கத்திலேயே தன் கலங்களுக்குச் சலரோகத்தைக் கொடுத்துவிடுகிறார்.

இன்னொன்று நிறம். ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஊடகத்திலும் அப்படியொரு சாயம், பீனோல் சிவப்பு, கலந்திருக்கிறது. சரியான நிலையில் ஊடகம் சிவப்பாக இருக்கும். மஞ்சளானால் அமிலம் கூடிவிட்டது, உணவு தீர்ந்து கழிவு சேர்ந்துவிட்டது அல்லது பற்றீரியா புகுந்துவிட்டது. ஊதாப் பக்கம் போனால் காபனீரொட்சைட்டு போதவில்லை. பெரும்பாலான ஊடகங்களில் இருகாபனேற்று உப்பு இருக்கிறது. அடைகாப்புப் பெட்டிக்குள் நூற்றுக்கு 5 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தால்தான் அது அமிலச் சமநிலையைக் காக்கும். ஒரு நல்ல தொழில்நுட்பவியலாளர், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் தாயைப்போல, கதவைத் திறந்தவுடன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இது எங்கோ பெரிய நகரங்களின் கதை என்று நினைக்க வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விசர்நாய்க்கடி மருந்து ஆட்டின் மூளையில் வளர்த்த வைரசிலிருந்து செய்யப்பட்டது. தமிழ்நாட்டின் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நெடுங்காலம் அவ்வாறுதான் செய்தது. மூளை இழையம் கலந்திருந்ததால் சிலருக்கு அந்த ஊசியாலேயே வாதம் வந்தது. 1962இல் ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வெரோ என்ற கலவழி பிறந்தது. பிற்காலத்தில் அந்தக் கலங்களைச் சரியான ஊடகத்தில் வளர்த்து, அவற்றில் வைரசைப் பெருக்கித் தடுப்பூசி செய்தார்கள். குன்னூரும் அந்த வழிக்கு மாறியது. 2004 டிசம்பரில் இந்தியா மூளை மருந்தை முற்றாக நிறுத்தியது. இன்று எங்கள் ஆதார வைத்தியசாலையில் நாய் கடித்த பிள்ளைக்குக் கையில் போடும் ஊசி, கல வளர்ப்பில் வந்தது.

இனி, நாம் வேலை செய்த இடத்துக்கு வருவோம். நாம் மூன்று பயிற்சி வைத்தியர்கள் தெற்கே ஓர் ஆய்வுகூடத்தில் நிறமூர்த்தச் சோதனை பழகினோம். எந்த இடம் என்பது இங்கே முக்கியமல்ல. அரை மில்லிலீற்றர் குருதியை எடுத்து, ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் சீரமும் சேர்த்து, 37 பாகையில் 72 மணித்தியாலம் வைக்க வேண்டும். குருதியில் உள்ள நிணநீர்க்குழியங்கள் தாமாகப் பிரிவதில்லை, அவற்றை எழுப்பிவிட ஒன்று வேண்டும். அது போஞ்சி இனத்துச் சிவப்பு விதையிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம். செங்குழியங்களை ஒட்டவைத்து அகற்றுவதற்காக அதைப் பயன்படுத்தியபோது, அது வெண்குழியங்களைப் பிரியச் செய்கிறது என்று 1960இல் பீற்றர் நோவெல் கண்டுபிடித்தார். பிரியத் தொடங்கிய கலங்களை நடுவழியில் நிறுத்தக் கொல்சிசின் வகை மருந்து. மாரியில் எங்கள் வேலிகளில் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சுதான். பிறகு சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் நிறமூர்த்தங்களை எண்ண வேண்டும். 46 இருக்க வேண்டும்.

அப்படியொரு நாளில் தென்மராட்சிப் பக்கத்து இளம் தாய் ஒருவரின் பெயர் எமது பதிவேட்டில் வந்தது. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எமக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவருடைய முதற்பிள்ளைக்கு டவுன் சின்றோம். பெரும்பாலான பிள்ளைகளில் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று தனியே கூடுதலாக இருக்கும், பெற்றோரைச் சோதிக்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளையில் அது 14ஆம் நிறமூர்த்தத்துடன் ஒட்டியிருந்தது. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இப்படி ஒட்டியிருக்கும். அவ்வாறானால் தாயோ தகப்பனோ அந்த ஒட்டைத் தெரியாமல் சுமக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தாய் சுமந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல். இருவரிலும் இல்லையானால் பயம் மிகக் குறைவு. இன்னொரு பிள்ளை பெறலாமா என்ற கேள்வியுடன் அந்தக் குடும்பம் காத்திருந்தது.

தகப்பனின் குருதி முதலில் வந்தது. வளர்ந்தது, 46 சீராக இருந்தது. தாயின் குருதி அடுத்த மாதம் ரெஜிபோம் பெட்டியில் இரவு பஸ்ஸில் வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பிரியும் கலமே இல்லை. "மாதிரி வளரவில்லை, மீண்டும் அனுப்பவும்" என்று எழுதி அனுப்பினோம். இரண்டாவது மாதிரியும் வளரவில்லை. அதே வரியை மீண்டும் எழுதினோம். வடக்கிலிருந்து வரும் குருதி வழியில் சூட்டிலும் குலுக்கத்திலும் பழுதாகிவிடுகிறது என்று ஆய்வுகூடத்தில் பொதுவாகச் சொல்வார்கள். அந்த மாதங்களில் தூர இடத்து மாதிரிகள் வேறு சிலவும் தவறியிருந்தன. வடக்கிலிருந்து போன எமக்கே அந்தப் பேச்சு இயல்பாகிவிட்டிருந்தது.

அங்கே நீண்டகாலம் வேலை செய்த தொழில்நுட்பவியலாளர் அம்மையார் ஒருவர் எமது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "உங்கள் மூவருடைய இரத்தத்தை இதே போத்தல் ஊடகத்தில் போட்டுப் பார்த்தீர்களா?"

போடவில்லை. அன்றே கையில் ஊசி குத்தி எமது குருதியைப் போட்டோம். பத்து நிமிடத்துக்கு முன் எடுத்த குருதி, பஸ் ஏறாத குருதி. 72 மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பிரியும் கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றும். எப்படியோ எண்ணி முடிக்கலாம், அவ்வளவுதான். உள்ளூர் மாதிரிகள் எல்லாம் இந்த நிலையில்தான் மயிரிழையில் தேறியிருக்கின்றன. நாம் கவனிக்கவில்லை.

காரணம் இரண்டு. முதலாவது குளுற்றமின். கலங்கள் மிக விரும்பி உண்ணும் இந்த அமினோவமிலம் கரைசலில் நிலைத்து நிற்காது, குளிர்ப்பெட்டியில் மெல்ல மெல்லவும் 37 பாகையில் விரைவாகவும் சிதைந்து அமோனியாவை விடும். எமது போத்தலில் அது பல மாதங்களுக்கு முன் சேர்த்தது. உணவு குறைந்து நஞ்சு கூடியிருந்தது. நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டாவது சீரம். அது பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றின் குருதியிலிருந்து எடுப்பது. மாட்டுக்கு மாடு, தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். புதிய தொகுதி வந்தால் பழையதோடு பக்கத்தில் வைத்துச் சோதித்த பிறகே பாவிக்க வேண்டும். வேலை நெருக்கடியில் அந்தச் சோதனையை விட்டுவிட்டோம். தகப்பனின் குருதி வளர்ந்தது பழைய சீரத்தில். தாயின் குருதி இரண்டு முறையும் போனது புதியதில்.

பயணம் கலங்களைக் களைக்க வைத்தது உண்மை. ஆனால் நல்ல ஊடகத்தில் களைத்த கலமும் தேறிவிடுகிறது. எமது மோசமான ஊடகத்தில் களைக்காத கலம் மட்டும் தப்பியது. தப்பியதைப் பார்த்து ஊடகம் நல்லது என்று நினைத்தோம். தப்பாததைப் பார்த்து குருதி கூடாது என்று எழுதினோம்.

புதிய குளுற்றமினும் சோதித்த சீரமும் இட்டு மூன்றாம் முறை அந்தத் தாயின் குருதியைக் கேட்டோம். இம்முறை அவர் கைக்குழந்தையுடன் நேரில் வந்தார். கலங்கள் அழகாக வளர்ந்தன. 46. ஒட்டு எதுவும் இல்லை. பிள்ளையில் நேர்ந்த மாற்றம் புதிதாக நேர்ந்தது, பெற்றோரிடமிருந்து வந்ததல்ல.

முடிவைச் சொன்னபோது அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப என்ர ரத்தத்தில பிழை ஒண்டும் இல்லையோ டொக்டர்? அதை ஒரு துண்டில எழுதித் தருவியளே? மாமிக்குக் காட்டோணும்."

அப்போதுதான் விளங்கியது. நாம் எழுதி அனுப்பிய ஒரு வரி அந்த வீட்டில் எப்படி வாசிக்கப்பட்டது என்று. தகப்பனின் இரத்தம் வளர்ந்தது, தாயின் இரத்தம் இரண்டு முறையும் வளரவில்லை. ஆகவே பிழை அவளில். ஐந்து மாதம் அந்தப் பெண் அந்த வரியுடன் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார். எமக்கு அது பதிவேட்டில் இரண்டு தவறிய மாதிரிகள்.

நாம் எழுதிக் கொடுத்தோம். தமிழில், கையால், மூன்று வசனம். முதலிரண்டு தடவையும் குருதி வளராமல் போனதற்குக் காரணம் ஆய்வுகூடத்தில் நாம் பாவித்த ஊடகமே. தாயின் குருதியில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளைக்கு நேர்ந்ததற்குத் தாயோ தகப்பனோ பொறுப்பல்ல. கீழே பெயரும் கையெழுத்தும். றிங்கர் 1883இல் செய்ததை நாம் அந்தத் தாய் கேட்ட பிறகுதான் செய்தோம். கேட்காமலே செய்திருக்க வேண்டும்.

அன்றிரவு விடுதியில் எமக்கு நினைவுக்கு வந்தது இந்தக் கல்லூரிதான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, மழைக்குள் வலிகாமம் நாவற்குழிப் பாலம் கடந்து எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் அப்போது ஆண்டு 10. எங்கள் வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. சில வாரங்களின் பின் மாமரத்தின் கீழும் கிடுகுக் கொட்டிலிலும் நேரம் பிரித்து வகுப்பு நடந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகள் எங்களுடன் சேர்ந்தார்கள். முதற் சோதனையில் அவர்களுக்குப் புள்ளி மிகக் குறைவு. எங்களில் சிலர், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்தோம். எங்கள் விஞ்ஞான ஆசிரியை விடைத்தாள்களைக் கட்டி மேசைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள் முதல்ல நித்திரை கொள்ளட்டும். றாங்க் பிறகு பாப்பம்." அந்தத் தவணை எவருக்கும் அவர் றாங்க் போடவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து ஒரு பெரிய போத்தலில் தேநீர் கொண்டுவந்தார். அடுத்த சோதனையில் எங்கள் வகுப்பில் முதலாவதாக வந்தவர் இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை.

1996 ஏப்ரலில் அவர்கள் திரும்பிப் போனார்கள். 2000ஆம் ஆண்டு எங்கள் முறை வந்தது. சாவகச்சேரி இடிந்துபோக, நாங்கள் எழும்பி ஓடினோம். உயர்தரம் இரண்டாம் தடவை எழுத இருந்த எங்களுக்கு வடமராட்சியில் ஒரு பாடசாலை வாங்கு போட்டுத் தந்தது. நீங்கள் ஏன் முதல் தடவை கோட்டைவிட்டீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இன்று இந்த மேடையில் நிற்கும் வைத்தியர் அந்த வாங்கிலிருந்து வந்தவர்.

பிள்ளைகளே, ஆய்வுகூடத்துக்குப் போகப்போகும் உங்களுக்கு நாம் சொல்லக் கூடியவை சில. கலத்தின் இயல்பை முதலில் அறியுங்கள். அதே கலத்தை முன்பு வளர்த்தவர் எந்த ஊடகத்தில் வளர்த்தார் என்று பார்த்து அதில் தொடங்குங்கள். ஊடகம் மாற்றவேண்டி வந்தால், பால் மறப்பிப்பதுபோல, முதலில் கால்பங்கு, பிறகு அரை, பிறகு முக்கால் என்று பழக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். போத்தலைத் திறந்த திகதியையும் தொகுதி இலக்கத்தையும் அன்றன்றே எழுதுங்கள். நன்றாக வளரும் என்று தெரிந்த ஒரு கலத்தை எப்போதும் பக்கத்தில் வைத்து வளருங்கள். அது வளராவிட்டால் பிழை உங்களுடையது.

ஆசிரியைகளுக்கு நாம் புத்தி சொல்ல வரவில்லை. எமக்கு இதைச் சொல்லித் தந்தவர்களே நீங்கள். இந்த ஆண்டும் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையின் புள்ளி திடீரென விழும். காலையில் சாப்பிட்டு வந்தாளா, வீட்டில் இரவு படிக்க வெளிச்சமும் அமைதியும் உண்டா, தகப்பன் எங்கே, பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை எமக்கு இருக்கிறது. எல்லாம் பார்த்த பிறகும் ஒரு பாடம் அவளுக்கு ஒத்துவரவில்லையென்றால், அது வேறு தரை வேண்டிய பயிர் என்று எடுத்துக்கொள்ளலாம். தென்னையை வெங்காயப் பாத்தியில் நட்டுவிட்டுத் தென்னையை ஏச முடியாது.

எமது அணியினர் சேர்ந்து, கல்லூரி ஆய்வுகூடத்துக்கு நீர் காய்ச்சி வடிக்கும் கருவி ஒன்று தருகிறோம். பெரிய அன்பளிப்பு அல்ல. நல்ல தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக.

அந்தத் தாய்க்குப் பிறகு இன்னொரு பிள்ளை பிறந்ததாக அறிந்தோம், பெண் பிள்ளை. மூத்தவனும் பள்ளிக்கூடம் போகிறானாம். நாம் எழுதிக் கொடுத்த துண்டை மாமி வாசித்தாரா என்று தெரியாது. வாசித்திருப்பார் என்றே நினைக்கிறோம்.